நாய் அசையாத நேரம்

மலாய் நாட்டில் அவசரகாலம் பிறந்த மறு ஆண்டு தொடங்கி சில ஆண்டுகள், நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் துரைமார் வீட்டு நாய்களைப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அது என் முழு வேலை அல்ல. சுவா ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில் நான் பெயிண்டர். பால் மரங்களுக்கு எண் போடுவது, ஸ்டோரில் வாளிகளுக்கு எண் எழுதுவது, தொழிலாளர் லயத்து வாசற்கதவுகளுக்குப் பச்சை அடிப்பது, ஆடித் திருவிழாவுக்கு முன் கோயில் குதிரைக்குப் புது வர்ணம் பூசுவது, இவைதான் என் வேலைகள். நாய் பிறகு வந்து சேர்ந்தது.

தேதி போட்டு எழுதுவது சிறுவயதிலிருந்தே எனக்குப் பழக்கம். ஆனால் இந்தக் கட்டுரையில் ஒரு தேதியும் இருக்காது. அன்று எழுதிய குறிப்பேடுகள் இன்று என்னிடம் இல்லை. கிழமையும் பொழுதும் நினைவில் நிற்கின்றன, தேதி நிற்கவில்லை. நினைவில் இல்லாத தேதியைப் போடுவதைவிட விட்டுவிடுவது நல்லது.

முதல் நாய் எங்கள் துரையுடையது. செவலையும் கறுப்பும் கலந்த அல்சேஷன். ஒருநாள் பங்களா கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று மூன்று மொழிகளில் எழுதப் போயிருந்தேன். பலகை காயும் வரை சும்மா இருக்க முடியாமல், வர்ணம் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் அந்த நாயை வரைந்தேன். துரைசானி அதைப் பார்த்துவிட்டார். மறு வாரம் தாளும் தூரிகையும் சிரம்பானிலிருந்து வந்தன. பிறகு பக்கத்துத் தோட்டத்துத் துரைசானி கேட்டார். பிறகு லிங்கி பக்கம், பிறகு தம்பின் பக்கம். எங்கள் துரை ஒரு கடிதம் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'இவன் நாய் வரைகிறவன், போக வர விடவும்' என்பது அதன் சாரம். அதை அடையாளக் கார்டோடு சேர்த்து வைத்திருந்தேன்.

நாயை வரைவது மனிதனை வரைவதுபோல் அல்ல. உட்காரச் சொன்னால் உட்காரும். ஒரு ஈ வந்தால் எழுந்துவிடும். என்னை வரையத் தெரிந்தவனாக ஆக்கியது கை அல்ல, பொறுமைதான். ஒரு நாய்க்கு முதல் நாள் நான் பென்சிலைத் தொடுவதே இல்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, அது எந்நேரம் எங்கே படுக்கிறது, எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது, யார் வந்தால் தலையைத் தூக்குகிறது, யார் வந்தால் கண்டுகொள்வதில்லை என்று எழுதுவேன். வெயில் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுவேன். வராந்தாவையும் படிகளையும் கட்டமாக வரைந்து, நாய் படுக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி இடுவேன். மறுநாள் அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் நாய் தானாக வந்து எனக்காகப் படுத்துக்கொள்ளும். துரைசானிகளுக்கு அது ஏதோ வித்தை போலத் தெரிந்தது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி வந்துவிட்டது. மாலையில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காலையில் பால் வெட்டப் போகும் பெண்களின் தூக்குவாளியைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு இருந்தாலும் அது துப்பாக்கியோடு காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு என்று அர்த்தம். துரையின் காருக்கு இரும்புத் தகடு அடித்து, கண்ணாடியை எடுத்துவிட்டு இரண்டு விரல் அகலத்துக்குச் சந்து விட்டிருந்தார்கள். பங்களாவைச் சுற்றி மணல்மூட்டை, விளக்குக் கம்பம், காவலுக்கு மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். முன்பு மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக நாய் வளர்த்த வீடுகளில் இப்போது காதுக்காக வளர்த்தார்கள். எனக்கு வேலை கூடியது. துரைசானிகள் அந்தப் படங்களைச் சீமைக்கு அனுப்பினார்கள். கடிதத்தில் எழுத முடியாத பலவற்றைச் சொல்லாமலிருக்க நாயின் படம் உதவியிருக்கும்.

தம்பின் பக்கத்து பங்களாவில் வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு நாய் இருந்தது. அழகான நாய், காவலுக்கு ஆகாது. அந்தப் படத்தை முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தம்பின் கடைத்தெருவில் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். முடிவெட்டுகிறவர் நம்மவர். நான்கைந்து பேர் காத்திருந்தார்கள்.

“என்னண்ணே, தொரை வீட்டு நாய்க்குப் படம் போடுறீங்களாமே. அது சொன்னபடி ஒக்காருமா?” என்று அவர் கேட்டார்.

“ஒரு துண்டு கறி காட்டுங்க. இந்த நாற்காலியிலயே வந்து ஒக்காந்து சவரம் பண்ணிக்கும்,” என்றேன்.

“காவல் நாய்லா அது!”

“என்னா காவல்? திருடன் வந்தா டார்ச் புடிச்சிக் காட்டும்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். யார் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். வெற்றிலை மென்ற ஒருவர், பள்ளிக்கூடத்துக் காக்கி உடுத்த ஒருவர். மற்றவர்கள் முகம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, காட்டிலிருந்து வந்தவர்கள் அந்த பங்களாவை விடியற்காலையில் சுட்டார்கள். நாய் பின்கட்டில் செத்துக் கிடந்தது, வாயில் கறித்துண்டு. காவலுக்கு நின்ற ஒருவர் இறந்துபோனார். துரையும் துரைசானியும் தப்பினார்கள். செய்தி எங்கள் ஸ்டோருக்கு வந்தபோது நான் வாளிக்கு எண் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டைத் திறந்தேன். அந்த நாயின் பக்கத்தில், என் கையெழுத்தில், 'கறி கொடுத்தால் யாரிடமும் போகும், குரைக்காது' என்று இருந்தது.

அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்க வேண்டும். கையில் பிடித்துப் பார்த்தேன். பக்கத்துக்கு எண் போட்டுத் தைத்த குறிப்பேடு. ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்றுவிடும், எண் தாவிவிடும். அதற்காகக் கிழிக்கவில்லை. இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எண் தாவிய குறிப்பேட்டை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையான காரணம் அவ்வளவுதான்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வர்ணம் வாங்கச் சிரம்பானுக்குப் புறப்பட்டேன். எங்கள் லயத்திலிருந்து ஓர் அக்காவும் அதே பஸ்ஸில் வந்தார். அவர் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் பிரசவம். பாதி வழியில் சாலைத் தடுப்பு. எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். அக்காவின் பையிலிருந்த அரிசி மாவை ஒரு கான்ஸ்டபிள் விரலால் கிளறிப் பார்த்தார்.

“புள்ள பெத்தவளுக்குப் பால்கஞ்சி வைக்கத்தான்லா. வேணும்னா நீயும் ரெண்டு மடக்கு குடிச்சிட்டுப் போ,” என்றார் அக்கா தமிழில். கான்ஸ்டபிளுக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் சிரித்தார்.

அடுத்தது நான். என் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். தமிழ் அவருக்குத் தெரியாது. எண்கள் தெரியும். கட்டங்கள் தெரியும். பெருக்கல் குறியும் அம்புக்குறியும் தெரியும்.

“இது என்ன?” என்று மலாயில் கேட்டார்.

“நாய்.”

அடுத்த பக்கத்தைத் திருப்பி, “இது?” என்றார்.

“அதுவும் நாய்தான்.”

“எல்லாமே நாயா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தக் கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். துரையின் கடிதத்தை நீட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டு போனார். பஸ் என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

சிரம்பானில் என்னை வைத்திருந்த அறைக்கு ஒரே ஜன்னல். என்னை விசாரித்த இன்ஸ்பெக்டர் தமிழர். என் வயதுதான் இருக்கும். குறிப்பேட்டை மேஜைமேல் வைத்து, பொறுமையாக, முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தார். என் எழுத்தை இன்னொருவர் குரலில் அதுவரை நான் கேட்டதில்லை.

“‘பிற்பகல் இரண்டு பத்து. பின்வாசல், இடப்பக்கத் தூண். படுத்தது. நான்கு வரை அசையவில்லை. சமையற்காரர் இரண்டு முறை கடந்தும் கண் திறக்கவில்லை.’ இது யாருக்கு?”

“எனக்குத்தாங்க ஐயா.”

“ஒனக்கு எதுக்கு?”

“காது வரையணுங்க. தூங்கும்போதுதான் காது ஒரே மாதிரி நிக்கும்.”

“காது,” என்று சொல்லி அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் துரையின் பக்கத்துக்கு வந்தார். “‘காலை எட்டேகால். துரையின் கார் புறப்பட்டது. நாய் கேட்டருகே வந்து நிற்கிறது. இருபது நிமிடம் நகரவில்லை. ஐந்து நாளும் இதே நேரம். இதுவே ஏற்ற வேளை.’ எதுக்கு ஏத்த வேள? சுடுறதுக்கா?”

“நின்ன மாதிரி வரையறதுக்குங்க ஐயா. தொரைசானி நின்ன மாதிரி இன்னொன்னு வேணும்னாங்க.”

“அஞ்சு நாள் ஒக்காந்து பாத்திருக்கே. தொரை எப்ப போறாருன்னு.”

“நாய் எப்ப நிக்குதுன்னு பாத்தேங்க.”

அவர் சொன்னதில் பிழையில்லை. படிக்கப் படிக்க எனக்கே அப்படித்தான் கேட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீடு, அந்த வீட்டுக்குள் போக ஒரு வழி, அந்த வழியில் யாரும் விழித்திராத ஒரு நேரம். நாயை எடுத்துவிட்டுப் படித்தால் அதில் வேறொன்றும் மிஞ்சவில்லை.

தம்பின் பக்கத்தை அவர் கடைசியாகப் படித்தார். அதைப் படிக்கும்போது குரலை உயர்த்தவில்லை. படித்து முடித்துவிட்டுக் குறிப்பேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“செத்தவனுக்கு ரெண்டு புள்ளைங்க. தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“இத யார் படிச்சா?”

“யாரும் படிக்கலிங்க.”

“யார்கிட்ட சொன்னே?”

முடிவெட்டும் கடை, வெற்றிலை மென்றவர், காக்கி உடுத்தவர் எல்லாரும் கண்முன் வந்தார்கள். நான் சொன்னால் அன்று மாலைக்குள் அந்தக் கடையில் இருந்த ஒவ்வொருவரும் இதே நாற்காலியில் உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் உண்மையிலேயே அந்தக் கறித்துண்டோடு சம்பந்தப்பட்டவராக இருந்தால், அவருடைய ஆட்கள் என் வீட்டைத் தேடி வருவார்கள். சம்பந்தப்பட்டவர் எவரும் இல்லையென்றாலும் அதை நிரூபிக்க அவர்களால் முடியாது. என்னால் முடியாததைப் போலவே.

“யார்கிட்டயும் சொல்லலிங்க ஐயா,” என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “கோர்ட்டு கேஸு எல்லாம் இல்லப்பா இதுக்கு. ஒரு கையெழுத்து போதும். ஒன்னயும் ஒம் பொண்டாட்டியவும் கப்பல்ல ஏத்திடுவாங்க. ஊர்ல யாரு இருக்கா?”

ஊர் என்று அவர் சொன்னது தமிழ்நாட்டை. நான் நான்கு வயதில் கப்பலேறி வந்தவன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவள். கப்பலைப் பார்த்ததுகூட இல்லை. அவளுக்கு அப்போது ஏழு மாதம். அதற்கு முந்தைய ஆண்டு ரந்தாவ் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தை அப்படி அனுப்பினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

“நா நாய் வரையறவன்யா. வேற ஒன்னும் இல்ல,” என்றேன்.

“அப்ப வரஞ்சி காட்டு.” ஜன்னலுக்கு வெளியே ஜீப்புக்கு அடியில் ஸ்டேஷன் நாய் ஒன்று படுத்திருந்தது. அதைக் காட்டினார். தாளும் பென்சிலும் கொடுத்தார்.

ஒரு கோடு போட்டேன். நாய் எழுந்து நிழல் மாறிப் படுத்தது. இன்னொரு கோடு போட்டேன், காதைச் சொறிந்தது. தாளில் இருந்தது ஆட்டைப்போல இருந்தது. பென்சிலை வைத்துவிட்டு, “இன்னிக்கி முடியாதுங்க. இன்னிக்கி பாக்கணும். நாளைக்கித்தான் வரைய முடியும்,” என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் முதன்முறையாகச் சிரித்தார். “சரி, பாரு. ஒன் கடிகாரம் வேணுமா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேண்டும் என்றேன்.

அன்று பொழுது சாயும் வரை அந்த ஜன்னலில் நின்றேன். ஸ்டேஷன் நாய்க்கு வலப்பக்கம் காது கேட்காது. இடப்பக்கமாக யார் வந்தாலும் தலையைத் தூக்கியது; வலப்பக்கம் லாரியே வந்தாலும் அது கிட்டே வரும்வரை அசையவில்லை. அதனால்தான் எப்போதும் வலக்காதைத் தரையில் வைத்தே படுத்தது. மறுநாள் சனிக்கிழமை காலை அதே இடத்தில் வந்து படுத்தபோது வரைந்துவிட்டேன். இடக்காது மேலே நிமிர்ந்து, வலக்காது மண்ணில் மடிந்து, ஒரு கண் பாதி திறந்தபடி.

இன்ஸ்பெக்டர் நீண்ட நேரம் பார்த்தார். “ஏன் ஒரு காது மட்டும் நிக்குது?”

சொன்னேன்.

வெளியே போய் நாயின் வலப்பக்கமாக நின்று கைதட்டினார். பிறகு இடப்பக்கமாக நின்று தட்டினார். திரும்பி வந்து படத்தை மேஜையில் போட்டார்.

“மூணு வருஷமா இங்க கெடக்கு. எங்களுக்குத் தெரியல. நீ ஒரே நாள்ல கண்டுபுடிச்சிட்டே.” குறிப்பேட்டை மூடினார். “நீ சொல்றது உண்மதான்னு நெனைக்கிறேன். அதுனாலதான் ஒன்ன விட முடியல.”

என் பயம் அந்த நிமிடத்திலிருந்துதான் முழுப் பயமாயிற்று. பொய்யன் என்று நினைத்திருந்தால் உண்மையைச் சொல்லித் தப்பலாம் என்ற எண்ணம் இருந்தது. அவர் என்னை நம்பிவிட்டார். குறிப்பேட்டில் இருப்பதெல்லாம் சரியான நேரம், சரியான இடம் என்பதும் அதோடு உறுதியாயிற்று. காட்டிலிருந்து யாராவது என்னைத் தேடி வந்தால் அவர்களுக்கு இந்தக் குறிப்பேடுகூடத் தேவையில்லை, நானே போதும்.

திங்கட்கிழமை முற்பகல் எங்கள் துரை வந்தார். அவரோடு ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. தோட்டத்துத் துரைமார்கள் தினமும் ஒரே நேரத்தில் வெளியே போகக்கூடாது, நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவு போட்டவர் அவர்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் எட்டேகால் பக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் படித்தார். ஆங்கிலம் எனக்குப் படித்தால் புரியும். பேச்சு பாதி புரியும். அதிகாரி துரையைப் பார்த்து, இது சரியா என்று கேட்டார். துரையின் கழுத்து காலருக்கு மேலே சிவந்தது.

“சரியில்லை,” என்றார் துரை. தான் உத்தரவுப்படி தினமும் வெவ்வேறு நேரத்தில்தான் போவதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். துரைமார் தமிழ், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கற்ற தமிழ்.

“பெயிண்டர், நான் ஒரே டைம் போறதா? சொல்லு. நான் ஒரு நாள் ஏழு, ஒரு நாள் ஒம்பது. நீ தப்பா எழுதினது. என்ன?”

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்து நாள் கடிகாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு நான் பார்த்த நேரம் அது. ஒருநாள்கூட இரண்டு நிமிடம் முன்பின் ஆனதில்லை. துரை பொய் சொல்கிறார் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். மூன்று நாளாக என்னைப் பார்த்தவர் அவர். ஆனால் அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார், அந்தக் கதவு எனக்கும் திறந்திருக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஒரு பக்கம் தவறென்றால் எல்லாப் பக்கமும் தவறாகிவிடும்.

“ஆமாங்க தொரே. தப்பா எழுதிட்டேன்.”

“எல்லாமே தப்பாப்பா?” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

“எல்லாமே உத்தேசமா எழுதுனதுங்க. என் கடிகாரம் ஓடாதுங்க ஐயா.”

சனிக்கிழமையே திரும்ப வாங்கி வைத்த கடிகாரம் அவர் மேஜையிலேயே இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. அந்தச் சின்னச் சத்தம் அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். அவர் அதன்மேல் ஒரு கோப்பைத் தூக்கி வைத்தார்.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். குறிப்பேட்டிலுள்ள நேரங்களும் விவரங்களும் நேரில் கண்டவை அல்ல, ஊகமாக எழுதியவை, நம்பத்தக்கவை அல்ல என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ ஆண்டுகள் தேதி போட்டு எழுதியவன் நான்; தெரிந்தே பொய்யான ஒன்றின் கீழே என் பெயரை எழுதியது அன்றுதான். கடிகாரத்தைத் தந்தார்கள், குறிப்பேட்டைத் திருப்பித் தரவில்லை.

துரை என்னைத் தன் காரிலேயே அழைத்துவந்தார். பின்சீட்டில் காவல்காரர்கள் இருவருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். இரும்புத் தகட்டுச் சந்து வழியாக ரப்பர் மரங்கள் ஓடின. என்னைக் கண்டு பயந்தவர்களின் பயம் எனக்கு அந்தச் சந்து வழியாகத்தான் விளங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுபவரின் தோள் உயர்ந்தது. எங்கள் தோட்டத்து மண்சாலையில் திரும்பிய பிறகுதான் துரை வாய் திறந்தார்.

“பெயிண்டர், இனிமே எழுதாதே.”

“எழுத மாட்டேன் தொரே.”

சிறிது தூரம் போனபின், முன்னால் பார்த்தபடியே, “அஞ்சு நாள் இல்லே. ஆறு நாள், அதே டைம். சனிக்கிழமை நீ வரலே,” என்றார்.

வீட்டில் மனைவி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை, எழ முடியாத நிலையும்தான். பஸ்ஸில் வந்த அக்கா ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து சொல்லியிருக்கிறார்.

“எல்லாத்தையும் எரிச்சிட்டேன்,” என்றாள்.

அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. நாய்க் குறிப்புகள் மட்டுமல்ல. ஜப்பான்காரன் காலத்தில் எழுதியவை, சயாம் ரயில் வேலைக்குப் போனவர்களின் கிழமையும் கணக்கும், லயத்தில் பிறந்தவர்கள் இறந்தவர்கள், மழை பெய்த நாட்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

“எல்லாமுமா?”

“எது நாயி, எது சப்பான்காரன்னு எனக்குப் படிக்கத் தெரியுமா? நோட்டுன்னா நோட்டுத்தான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மறுநாளே போலீஸ்காரனுங்க வந்துட்டானுங்க. அடுப்ப குச்சி வச்சிக் கிண்டிப் பாத்தானுங்க. புள்ளத்தாச்சி, குளிக்க வெந்நி வச்சேன்னேன். ஒரு ஆளுக்கு இவ்ளோ சாம்பலான்னு கேட்டான். ஆளப் பாத்தியாலா, எவ்ளோ பெருசா இருக்கேன்னேன்.”

சிரிப்பு வந்தது இருவருக்கும். சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “நம்மள அனுப்பிடுவாங்களா?”

“இல்ல. தப்பா எழுதுனதா ஒத்துக்கிட்டேன்.”

“தப்பாவா எழுதுனீங்க?”

அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டப் போனேன்.

ஐப்பசியில் துரைசானி ஆள் அனுப்பினார். நாயின் படம் பாதியில் நிற்கிறது, வந்து முடித்துத் தர வேண்டும் என்று. போகாமலிருக்க முடியாது; போகாவிட்டால் அதற்கும் ஒரு காரணம் தேடுவார்கள். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். கார்ப்பாதைக்கு முதுகைக் காட்டி, சமையற்கட்டுச் சுவரைப் பார்த்தபடி ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். துரை எப்போது போகிறார் என்று எனக்குத் தெரியக்கூடாது.

ஆனால் நாய்க்குத் தெரிந்திருந்தது. துரை காலில் சப்பாத்து மாட்டுவதற்கு முன்பே அதன் காது திரும்பும், பிறகு வால், பிறகு எழுந்து கேட்டுக்கு ஓடும். அதை வரைய அதைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் துரை புறப்படுவது தெரிந்துவிடும். முதல் நாள் காது திரும்பியதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். பென்சிலைப் பிடித்தபடி, கார் சத்தம் மறையும் வரை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். காவல்காரர் ஒருவர் கிட்ட வந்து எனக்கு உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார்.

துரைசானி வெளியே வந்தபோது, நின்ற மாதிரி வேண்டாம், படுத்துத் தூங்குகிற மாதிரி வரையட்டுமா என்று கேட்டேன். அவருக்கு ஏமாற்றம். கேட்டருகே கம்பீரமாக நிற்பதைத்தான் அவர் சீமையிலிருக்கும் தம் தாய்க்கு அனுப்ப நினைத்திருந்தார். ஆனாலும் சரி என்றார்.

படுத்திருக்கிற மாதிரியே முடித்தேன். கண் மூடி, மூக்கு முன்காலுக்கு மேல். நாயின் அடியில் வெறும் பழுப்பு வர்ணத்தைக் கரைத்து விட்டுவிட்டேன். தூண் இல்லை, படி இல்லை, வெயில் எந்தப் பக்கம் என்பதும் இல்லை.

துரைசானி படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். “எங்கே தூங்கறது இது?” என்று கேட்டார்.

“எங்கயும் இல்லீங்கம்மா,” என்றேன்.